செல்லுக்கு நெருக்கடி வந்தால் யார் வேலையை நிறுத்துவது? நான்-கோடிங் ஆர்என்ஏ: ஓர் எளிய விளக்கம்

‘நம் டிஎன்ஏவில் 98 சதவீதம் குப்பை’ என்ற பேச்சு பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு நேரெதிராக, ‘அந்தக் குப்பைக்குள்தான் எல்லா நோய்க்கும் சாவி இருக்கிறது’ என்று இப்போது இன்னொரு பேச்சு கிளம்பியிருக்கிறது. இரண்டையும் நம்ப வேண்டாம்.

மனிதனின் டிஎன்ஏவில் சுமார் 300 கோடி எழுத்துகள். புரதம் செய்வதற்கான குறிப்பை வைத்திருக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. அந்தக் குறிப்புகள் பிடிக்கும் இடம் மொத்தத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு. மீதியுள்ள இடத்தின் பெரும்பகுதியிலிருந்தும் செல், ஆர்என்ஏ என்ற மூலக்கூறு வடிவில் படிகளை எடுக்கிறது. அந்தப் படிகள் எல்லாமே பயனுள்ளவை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவற்றில் சில, செல்லுக்கு நெருக்கடி வரும் நேரத்தில் செய்யும் வேலை தெளிவாகத் தெரிந்திருக்கிறது. புரதக் குறிப்பு இல்லாத இந்த ஆர்என்ஏவுக்கு நான்-கோடிங் ஆர்என்ஏ என்று பெயர். இங்கே சொல்லப்போவது அவற்றில் அந்தச் சிலவற்றைப் பற்றி. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் விலங்கியலோ பயோடெக்கோ இந்த வருடம் சேர்ந்தவர்களும், பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டவர்களும் படிக்கலாம்.

எந்த நெருக்கடி?

மனக்கவலையைப் பற்றி இங்கே பேசவில்லை. செல்லின் வழக்கமான வேலை கெட்டுப்போகும் அளவுக்கு அதன் சூழல் மாறினால், அதுதான் செல் நெருக்கடி. அதிகச் சூடு, ஆக்சிஜன் பற்றாக்குறை, அளவுக்கு மீறிய உப்பு, இரும்பு போன்ற சத்து கிடைக்காமல் போவது, டிஎன்ஏ முறிவது ஆகியவை முக்கியமானவை. இன்னொன்றும் உண்டு: ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் வீரியமான மூலக்கூறுகள் செல்லின் பாகங்களை அரிப்பது. அதற்கு ஆக்சிஜனேற்ற நெருக்கடி என்று பெயர்.

சூட்டைப் பற்றி ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். ஆய்வுக்கூடத்தில் ‘செல்லை 42 டிகிரி செல்சியஸில் வைத்தோம்’ என்றால் செல்லே 42 டிகிரியில் இருக்கிறது. மே மாதம் செய்தியில் சொல்லும் 42 டிகிரி வெளிக்காற்றின் சூடு. துறைமுகத்தில் மூட்டை ஏற்றுபவருக்கும் மணலியில் கொதிகலன் பக்கத்தில் நிற்பவருக்கும் வியர்வை உடலை 37 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கிறது. உள்ளுடல் சூடு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சோ நினைவோ தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். செல்லுக்குள் இருக்கும் தற்காப்பு அந்த நேரத்துக்குப் போதாது.

சூடு செல்லில் என்ன செய்கிறது? புரதம் என்பது குறிப்பிட்ட வடிவில் மடிந்திருக்கும் ஒரு சங்கிலி. அந்த மடிப்பு இருந்தால்தான் அது வேலை செய்யும். சூட்டில் மடிப்பு அவிழ்கிறது. அவிழ்ந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. புதிதாகச் செய்யப்படும் புரதம்தான் இன்னும் சரியாக மடியாத நிலையில் இருக்கும். அதுதான் முதலில் கெடும். ஆகவே அந்த நேரத்தில் செல் செய்ய வேண்டிய முதல் காரியம், புதிய வேலையை ஏற்காமல் இருப்பது.

கூண்டு ஏறியதும் காசிமேட்டில் நடப்பது

சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது. கூண்டு ஒரு படகையும் கட்டுவதில்லை, ஒரு மீனையும் பிடிப்பதில்லை. ஆனால் அது ஏறியதும் டீசலும் ஐஸும் ஏற்றித் தயாராக நிற்கும் விசைப்படகு கிளம்புவதில்லை. கடலில் இருப்பவர்களுக்கு வயர்லெஸ்ஸில் தகவல் போகிறது. ஏலக்கூடம் அடங்குகிறது. அதே நேரத்தில் ஒரு சில வேலைகள் மட்டும் கூடுகின்றன: கூடுதல் கயிறு போட்டுப் படகைக் கட்டுவது, வலையை மேட்டுக்கு ஏற்றுவது. புயல் கடந்ததும் கூண்டை இறக்க வேண்டும். இறக்காவிட்டால் தொழில் நின்றது நின்றபடி கிடக்கும்.

நான்-கோடிங் ஆர்என்ஏவின் நெருக்கடி கால வேலை பெரும்பாலும் இந்த மாதிரிதான். தானாக எதையும் கட்டுவதில்லை. பெரும்பாலான வேலையை நிறுத்தி, அவசியமான சிலதுக்கு வழிவிட்டு, பிறகு விலகிக்கொள்கிறது. ஓரிடத்தில் மட்டும் ஒப்புமை பொருந்தாது. கூண்டை ஊரே பார்க்கும். ஆர்என்ஏவோ, தன் வடிவமோ எழுத்து வரிசையோ எதோடு பொருந்துகிறதோ அதை மட்டுமே போய்ப் பிடிக்கும்.

ஆர்என்ஏவில் யார் யார்?

டிஎன்ஏவில் இருக்கும் புரதக் குறிப்பின் படியை ரைபோசோம் என்ற புரதம் செய்யும் எந்திரத்துக்குக் கொண்டுபோவது தூது ஆர்என்ஏ. கொரோனா தடுப்பூசி சிலவற்றில் இருந்தது இந்த வகை. புரதக் குறிப்பே இல்லாமல், ஆர்என்ஏவாகவே வேலை செய்பவை எல்லாம் நான்-கோடிங் ஆர்என்ஏ. தடுப்பூசியோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

நான்-கோடிங் ஆர்என்ஏ புதுமையான சரக்கும் அல்ல. ரைபோசோமின் உடம்பே பெரும்பாலும் இந்த ஆர்என்ஏதான். செல்லில் உள்ள மொத்த ஆர்என்ஏவில் பெரும்பங்கு அதுவே. அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் கடத்து ஆர்என்ஏவும் இதே கூட்டம். இவை போக, சுமார் 22 எழுத்தே உள்ள மைக்ரோ ஆர்என்ஏ ஒரு பக்கம், 200 எழுத்துக்கு மேல் நீளும் நீள் நான்-கோடிங் ஆர்என்ஏ இன்னொரு பக்கம். முதல் மைக்ரோ ஆர்என்ஏவை 1993-இல் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்கனும் கண்டுபிடித்துக் காட்டினார்கள். அதற்கு நோபல் பரிசு வந்தது 2024-இல்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: நெருக்கடி என்பது செல்லின் சூழல் கெடுவது, அப்போது முதல் தேவை வேலையை நிறுத்துவது, நிறுத்தும் பணியில் புரதக் குறிப்பு இல்லாத ஆர்என்ஏக்களும் இறங்குகின்றன. இனி, எப்படி நிறுத்துகின்றன என்பதற்கு வருவோம்.

42 டிகிரியில் ஒரு செல்லுக்குள்

37 டிகிரியில் நிம்மதியாக இருக்கும் செல்லில் எச்எஸ்எஃப்-1 என்றொரு புரதம் சும்மா கிடக்கிறது. மற்ற புரதங்களை மடித்துவிடும் உதவிப் புரதங்கள், எச்எஸ்பி-70, எச்எஸ்பி-90 போன்றவை, அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. சூடு ஏறி மற்ற புரதங்கள் அவிழத் தொடங்கியதும் உதவிப் புரதங்கள் அங்கே ஓடுகின்றன. எச்எஸ்எஃப்-1 விடுபடுகிறது. மூன்று மூன்றாகச் சேர்ந்து டிஎன்ஏவில் போய் உட்கார்கிறது. இன்னும் நிறைய எச்எஸ்பி-70 செய்யச் சொல்லி மரபணுவை முடுக்குகிறது. இதெல்லாம் சில நிமிடங்களுக்குள் நடந்துவிடும்.

பாடப்புத்தகம் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகிறது. ஆனால் எச்எஸ்பி-70 கூடும் அதே நிமிடங்களில் ஆயிரக்கணக்கான மற்ற மரபணுக்கள் அடங்குகின்றன. அவற்றை அடக்குவது யார்?

டிஎன்ஏவிலிருந்து தூது ஆர்என்ஏவைப் படியெடுக்கும் எந்திரத்தின் பெயர் ஆர்என்ஏ பாலிமரேஸ்-2. எலிச் செல்லைச் சூடாக்கினால் பி-2 என்ற, 180 எழுத்து அளவிலான ஒரு நான்-கோடிங் ஆர்என்ஏ வேகமாகப் பெருகுகிறது. அது நேராகப் போய் பாலிமரேஸ்-2-ஐயே பிடித்துக்கொள்கிறது. எந்திரம் மரபணுவின் வாசலில் வந்து உட்காரும். ஆனால் படியெடுக்கத் தொடங்க முடியாது. 2004-இல் இதை வெளியிட்டது அமெரிக்காவின் கொலராடோவில் ஜேம்ஸ் குட்ரிச், ஜெனிஃபர் குகல் இருவரின் குழு. மனிதச் செல்லில் இதே வேலையை ஆலு என்ற ஆர்என்ஏ செய்கிறது என்பதை அதே குழு 2008-இல் காட்டியது. ஆலு வரிசை நம் டிஎன்ஏவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. டிஎன்ஏவில் சுமார் 10 சதவீதம் அதுதான். ‘குப்பை’ என்று கைகாட்டப்பட்டவற்றில் இந்த வரிசையும் ஒன்று. அந்த 10 லட்சமும் வேலை செய்கின்றன என்று இதற்கு அர்த்தமில்லை. சிலவற்றிலிருந்து எழும் ஆர்என்ஏவுக்கு இந்த வேலை இருக்கிறது, அவ்வளவே.

ஏன் புரதத்தை விட்டுவிட்டு ஆர்என்ஏ? நேரத்தைக் கணக்குப் போட்டால் விளங்கும். பாலிமரேஸ்-2 நிமிடத்துக்குச் சுமாராக 2,000 முதல் 4,000 எழுத்து படியெடுக்கும். மனித மரபணுக்கள் பலவும் 20,000 எழுத்துக்கு மேல் நீளமானவை. படியெடுக்கவே ஐந்து முதல் பத்து நிமிடம் போகும். பிறகு இடையில் உள்ள தேவையற்ற துண்டுகளை வெட்டி ஒட்ட வேண்டும், டிஎன்ஏ இருக்கும் செல்லின் கருவுக்கு வெளியே அனுப்ப வேண்டும், ரைபோசோம் படித்துப் புரதம் செய்ய வேண்டும், அது மடிய வேண்டும். சூட்டில் கடைசி வேலை சரியாக நடக்காது. 200, 300 எழுத்து ஆர்என்ஏவுக்கு இந்த வரிசை எதுவும் வேண்டாம். படியெடுத்து முடித்ததும் தயார். எச்எஸ்பி-70-இன் முக்கிய மரபணுக்களைப் பார்த்தாலும் இதே கவனம் தெரியும். அவற்றில் வெட்டி ஒட்ட வேண்டிய துண்டே கிடையாது. சூடு வெட்டி ஒட்டும் வேலையைக் கெடுக்கும் என்பதால் இது பெரிய வசதி.

அடுத்த தடை ரைபோசோம் இருக்கும் பக்கத்தில். ஆஞ்சியோஜெனின் என்ற நொதி, கடத்து ஆர்என்ஏக்களில் ஒரு சிறு பங்கை நடுவில் வெட்டி 30 முதல் 40 எழுத்துள்ள பாதிகளாக்குகிறது. கடத்து ஆர்என்ஏ தீர்ந்துபோவதால் புரத வேலை நிற்கிறது என்று நினைக்கத் தோன்றும். அது சரியல்ல, வெட்டப்படுவது கொஞ்சம்தான், பெரும்பகுதி முழுதாகவே இருக்கிறது. வெட்டிய பாதிகளில் சில, புரத வேலையைத் தொடங்கிவைக்கும் காரணிகளைத் தூது ஆர்என்ஏவிலிருந்து விலக்கிவிடுகின்றன. தடுப்பது அந்தத் துண்டுகள்தான்.

இனி மீட்சி. மனிதச் செல்லில் சூட்டின்போது எச்எஸ்எஃப்-1 இன்னொரு இடத்திலும் போய் உட்கார்கிறது: முக்கியமாக 9-ஆம் குரோமோசோமில், சாட்டிலைட்-3 என்ற திரும்பத் திரும்ப வரும் வரிசையில். சாதாரண நேரத்தில் கிட்டத்தட்ட மௌனமாக இருக்கும் அந்த இடத்திலிருந்து நீளமான ஆர்என்ஏக்கள் எழுந்து, பிறந்த இடத்திலேயே தங்கி, வெட்டி ஒட்டும் புரதங்கள் சிலவற்றைத் தம்மோடு சேர்த்துப் பிடித்து வைக்கின்றன. நுண்ணோக்கியில் இவை கருவுக்குள் பிரகாசமான புள்ளிகளாகத் தெரியும். நெருக்கடிப் புள்ளிகள் என்று வைத்துக்கொள்ளலாம். சூடு தணிந்த சில மணி நேரத்தில் அவை கலைகின்றன.

இந்தக் கதையில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் பாடங்களில் அதைப் போதுமான அளவு சொல்வதில்லை. 1962-இல் இத்தாலியின் ஃபெருச்சியோ ரிட்டோசா, சூடான இடத்தில் வைத்த பழ ஈயின் குரோமோசோமில் சில இடங்கள் உப்பியிருப்பதைப் பார்த்தார். அந்த உப்பல்களில் பெரும்பாலானவை புரத மரபணுக்கள். 93டி என்ற இடம் மட்டும் மாறுபட்டது. அங்கிருந்து வருவது எச்எஸ்ஆர்-ஒமேகா என்ற நான்-கோடிங் ஆர்என்ஏ. இந்த இடத்தைப் பல பத்தாண்டுகள் விடாமல் ஆராய்ந்தவர் வாரணாசி, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் எஸ். சி. லகோட்டியா. ஆர்என்ஏவைக் கையாளும் புரதங்களை இந்த ஆர்என்ஏ சிறு துகள்களில் சேர்த்து வைக்கிறது, சூட்டில் அந்தத் துகள்கள் 93டி-யை நோக்கி ஒன்றுசேர்கின்றன என்பதை அவர் குழு 2000-இல் வெளியிட்டது. ஈயின் எச்எஸ்ஆர்-ஒமேகாவும் மனிதனின் சாட்டிலைட்-3-உம் எழுத்து வரிசையில் உறவில்லாதவை. செய்யும் வேலையில் மட்டும் ஒத்துப்போகின்றன.

சுருக்கமாக, சூட்டில் ஆர்என்ஏ பிடிப்பது மூன்று இடத்தை: படியெடுக்கும் எந்திரத்தை (ஆலு, பி-2), புரதம் தொடங்கும் இடத்தை (கடத்து ஆர்என்ஏ பாதிகள்), வெட்டி ஒட்டும் புரதங்களை (சாட்டிலைட்-3).

மைக்ரோ ஆர்என்ஏ: கூடினால்தான் பதில் என்றில்லை

மைக்ரோ ஆர்என்ஏ வேலை செய்யும் முறை வேறு. முதலில் நீளமான படி. அதை ட்ரோஷா என்ற நொதி கருவுக்குள் வெட்டி, ஹேர்பின் போல வளைந்த 70 எழுத்துத் துண்டாக்கும். வெளியே வந்ததும் டைசர் என்ற நொதி அதை 22 எழுத்தாக நறுக்கும். ஆர்கோநாட் என்ற புரதம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, பொருந்தும் தூது ஆர்என்ஏவைத் தேடும். பொருத்தத்துக்கு முக்கியம் 2 முதல் 8 வரையிலான எழுத்துகள். பொருந்திய தூது ஆர்என்ஏ சிதையும் அல்லது படிக்கப்படாமல் நிற்கும். ஏழெட்டு எழுத்துப் பொருத்தமே போதும் என்பதால் ஒரு மைக்ரோ ஆர்என்ஏவுக்கு நூற்றுக்கணக்கான இலக்குகள் இருக்கும். ஆனால் ஒவ்வோர் இலக்கும் பொதுவாகக் கொஞ்சம்தான் குறையும், பாதிகூடக் குறையாது. ‘இந்த மைக்ரோ ஆர்என்ஏ அந்த மரபணுவை அணைத்துவிடும்’ என்ற வாக்கியத்தைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள். செய்வது அணைப்பு அல்ல, குறைப்பு.

ஆக்சிஜன் குறையும்போது மிர்-210 என்ற மைக்ரோ ஆர்என்ஏ கூடுகிறது. ஆக்சிஜனை எரித்துச் சக்தி எடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சில பாகங்களை இணைத்து அமைப்பதற்குத் தேவையான ஐஎஸ்சியூ என்ற புரதத்தை அது குறைக்கிறது. இல்லாத ஆக்சிஜனுக்காக எந்திரத்தை ஓட்டுவதில் பயனில்லையே. டிஎன்ஏ முறிந்தால் பி-53 என்ற காவல் புரதம் மிர்-34 குடும்பத்தை எழுப்புகிறது. செல் பிரிவதை அது மட்டுப்படுத்துகிறது.

செடியில் நேர்மாறான உதாரணம் இருக்கிறது. மிர்-398 என்ற மைக்ரோ ஆர்என்ஏ, வீரிய ஆக்சிஜனைத் தணிக்கும் இரண்டு நொதிகளை எப்போதும் அமுக்கி வைத்திருக்கும். ஆக்சிஜனேற்ற நெருக்கடி வந்ததும் மிர்-398 குறைகிறது, நொதிகள் எழுகின்றன. ராமாஞ்சுலு சுங்கரும் சக ஆய்வாளர்களும் 2006-இல் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இதைக் காட்டினார்கள். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. உப்பும் செடியில் இந்த வகை நெருக்கடியைக் கொண்டுவரும். அங்கே ஒரு பயிரை ஆராய்பவர், கூடிய ஆர்என்ஏக்களை மட்டும் பட்டியல் போட்டால் பாதி விஷயத்தை விட்டுவிடுவார்.

பாக்டீரியாவிலும் இந்த ஒழுங்கு உண்டு. ஈ. கோலையில் இரும்பு குறைந்தால் ரைஹெச்பி என்ற 90 எழுத்து ஆர்என்ஏ எழுகிறது. இரும்பைச் சேர்த்துச் செய்யும் புரதங்களில் அத்தனை அவசியமில்லாதவற்றை அது நிறுத்துகிறது. வெளியிலிருந்து ஒரு துளி இரும்பு வராமலேயே, கையில் இருப்பது அவசியமான புரதங்களுக்குக் கிடைத்துவிடுகிறது.

மருந்தாக்கும் பேச்சுக்கும் ஒரு வார்த்தை. மிர்-34-இன் செயற்கை வடிவம் ஒன்றை எம்ஆர்எக்ஸ்-34 என்ற பெயரில் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். நோயெதிர்ப்பு சார்ந்த கடுமையான பின்விளைவுகளால் 2016-இல் சோதனை நிறுத்தப்பட்டது. செல் தானே தேவையான இடத்தில், தேவையான நேரத்துக்கு மட்டும் எழுப்பும் ஒன்றை, உடம்பு முழுக்க வெளியிலிருந்து ஊற்றுவது வேறு காரியம். ஜூஸோ சூரணமோ குடித்து மைக்ரோ ஆர்என்ஏவைச் ‘சரிசெய்யலாம்’ என்று விற்பவர்களுக்கு இந்த வரலாறே பதில்.

எண்ணூர் மட்டியில் அளக்க வேண்டுமென்றால்

எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின் நிலையத்தின் சுடுநீர் கலக்கிறது, சாம்பல் படிகிறது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியது. அங்கே பிழைப்பு நடத்துபவர்களின் கேள்வி நியாயமானது: மட்டியும் நண்டும் என்ன பாடுபடுகின்றன என்பதை அவற்றின் செல்லைக் கேட்டே தெரிந்துகொள்ள முடியுமா? முடியும். ஆனால் ஒழுங்காகச் செய்யாத அளவீடு, அளக்காமலிருப்பதைவிட அந்த மக்களுக்குக் கெடுதல். எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் அதைத் தள்ளிவிடும்.

முதல் சிக்கல், பிடிப்பதே நெருக்கடி. மட்டியைப் பறித்து வாளியில் போட்டு வெயிலில் அரை மணி நேரம் கொண்டுவந்தால், நீங்கள் அளப்பது வாளியின் சூட்டை. பறித்த இடத்திலேயே திசுவை எடுத்து, ஆர்என்ஏவைக் காக்கும் கரைசலிலோ திரவ நைட்ரஜனிலோ போட்டுவிட வேண்டும். பிறகு மைனஸ் 80 டிகிரி. ஒப்பீட்டுக்குப் பழவேற்காட்டு மட்டியை எடுத்தால் உப்பளவு, நீரின் சூடு, மட்டியின் அளவு மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். அவை மாறினாலும் ஆர்என்ஏ மாறும்.

இரண்டாவது, பிரித்தெடுக்கும்போது நடப்பது. விரலில் இருக்கும் ஆர்என்ஏ சிதைக்கும் நொதியே மாதிரியை அழித்துவிடும். கையுறையை அடிக்கடி மாற்றுங்கள். 50 முதல் 100 மில்லிகிராம் திசுவுக்கு ஆர்என்ஏவைப் பிரிக்கும் ட்ரைசால் என்ற கரைசல் ஒரு மில்லிலிட்டர் என்பது வழக்கமான அளவு. திசுவை அதிகம் திணித்தால் புரதமும் டிஎன்ஏவும் கூடவே வரும். ஆர்என்ஏவை வடிகட்டிப் பிடிக்கும் சாதாரணக் குழாய்கள் (column) 200 எழுத்துக்குக் குறைந்ததைப் பிடிக்காமல் கழுவி வெளியேற்றிவிடும். மைக்ரோ ஆர்என்ஏ வேண்டுமானால் அதற்கென்று உள்ள கிட் வாங்குங்கள். அதில் எத்தனாலை மாதிரியின் ஒன்றரை மடங்கு சேர்க்கச் சொல்வார்கள். அதைக் குறைத்தால் சின்ன ஆர்என்ஏ போய்விடும், அளவுக்கருவியோ நல்ல எண்ணையே காட்டும். 260, 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலின் விகிதம் 2.0-ஐ ஒட்டி இருந்தால் புரதக் கலப்பு இல்லை என்றுதான் அர்த்தம். சின்ன ஆர்என்ஏ இருக்கிறது என்று அர்த்தமில்லை.

மூன்றாவது, எதோடு ஒப்பிடுவது. வழக்கமாக ஆக்டின் போன்ற ‘மாறாத’ மரபணுவோடு ஒப்பிடுவார்கள். எலிச் செல்லில் சூட்டின்போது பி-2 அடக்கும் மரபணுக்களில் ஆக்டினும் ஒன்று. அளவுகோலே சுருங்கினால் எல்லாம் வளர்ந்த மாதிரித் தெரியும். அதற்காகத்தான் அந்த உயிரினத்தில் இல்லாத ஓர் ஆர்என்ஏவை, உதாரணமாகப் புழுவின் மிர்-39-ஐ, பிரித்தெடுக்கும் தொடக்கத்திலேயே தெரிந்த அளவில் கலந்து வைக்கிறார்கள். மாதிரிக்கு மாதிரி அதன் அளவு மாறினால் கோளாறு கைவேலையில் இருக்கிறது. மட்டிக்கு மட்டி, நண்டுக்கு நண்டு இயல்பாகவே வேறுபாடு உண்டு. ஆகவே ஒன்றிரண்டு உயிரியை வைத்து முடிவு சொல்ல முடியாது.

மனித ரத்தத்தில் மைக்ரோ ஆர்என்ஏ அளக்கும் டெஸ்ட் விளம்பரங்களுக்கும் இதே கண்ணோட்டம் வேண்டும். சிவப்பணுக்களில் மிர்-451-உம் மிர்-16-உம் ஏராளம். ஊசி மெல்லியதாக இருந்து வேகமாக இழுத்தாலோ, குழாயை ஓங்கிக் குலுக்கினாலோ, ஆட்டோவில் வெயிலில் நெடுநேரம் போனாலோ சிவப்பணு உடைந்து அவை ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தில் கலந்துவிடும். அப்புறம் வரும் ‘கூடுதல்’ நோயாளியின் செல் நெருக்கடி அல்ல. 414 நானோமீட்டரில் சீரத்தின் ஒளி உறிஞ்சலை ஒரு நிமிடம் பார்த்தால் சிவப்பணு உடைந்ததா என்பது தெரிந்துவிடும். டெஸ்ட் எடுக்கச் சொல்பவரிடம், அந்த எண்ணையும் ரிப்போர்ட்டில் தருவீர்களா என்று கேளுங்கள்.